ரெண்டு விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும்

கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவனிடம் யாராவது இரண்டு வயது நிரம்பாத பிள்ளையை ஒப்படைப்பார்களா? ஒப்படைத்தார்கள். மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர்கள். புருஷனுக்கு அணு ஆராய்ச்சியில் வேலை. பெண்சாதி காலையில் கம்பெனி வேன் ஏறி ஐ.டி. ஆபீசுக்குப் போகிறவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் கேட்டது என்னை இல்லை, என் மனைவியை. அவள் அங்கன்வாடி டீச்சர்.

"எனக்கு ஒரு ரூம் நெறைய ஊர்ப் பிள்ளைங்க கீதுங்க. இந்த ஆளு வூட்ல சும்மாத்தான் குந்திகினு கீறாரு. இவரு கையில வுட்டுட்டுப் போங்க" என்று என்னைக் கை காட்டிவிட்டு அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் சும்மா உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும் விதம் என்று ஒன்று இருக்கிறது.

பையன் நல்ல பையன். நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருந்த நேரம். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா அவனைப் பார்க்குக்குக் கூட்டிப்போய், தனியாகச் சறுக்கினால் விழுந்துவிடுவான் என்று மடியில் உட்கார வைத்துக்கொண்டு தானும் சறுக்குமரத்தில் சறுக்கியிருக்கிறார். பிள்ளையின் ஷூ ஓரத்தில் சிக்கி நின்றது. இரண்டு உடம்பும் கீழே போக, ஒரு கால் மட்டும் மேலே தங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல்.

"பத்திரமா இருக்கட்டும்னுதானுங்க அங்கிள் மடியில வெச்சேன்" என்று அந்த மனிதர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். நான் மனதுக்குள் சொன்னதை எழுத முடியாது.

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஓடுகிற பிள்ளையைப் பலாப்பழம் மாதிரி ஒரே இடத்தில் வைத்தால் என்ன செய்யும்? கத்தியது. பொம்மையைத் தூக்கி என் மூஞ்சியில் அடித்தது. போனைக் காட்டக் கூடாது என்று அதன் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காட்டவும் முடியாது, என்னிடம் இருப்பது பட்டன் போன். தூக்கிக்கொண்டு நடந்தால் கட்டின் கனம் என் இடுப்பை ஒடித்தது. இரண்டே நாளில் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சேர்ந்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்து எழுந்தேன். அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைக்கும் சக்கர ஸ்டாண்டை உருவி எடுத்தேன். அதன்மேல் மணைப் பலகையை வைத்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பையனை உட்கார வைத்தேன். மாவுக்கட்டுக் கால் பம்பர் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. முன்கயிற்றை நான் பிடித்தேன். ஆணியில் தொங்கிய என் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஊதின வாயும் அப்படித்தான்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும். ரெண்டு விசில் கொடுத்தால் போகலாம். விட்டுவிட்டு ஊதினால் பின்னால் வர வேண்டும். பையன் இதை ஒரே காலையில் பிடித்துக்கொண்டான். எத்தனையோ டிரைவர்களோடு ஓடியிருக்கிறேன், இவ்வளவு ஒழுங்கான டிரைவரை நான் பார்த்ததில்லை. ரெண்டு விசில் விழாமல் வண்டியை எடுக்கவே விடமாட்டான். தெரியாத்தனமாகக் கயிற்றை இழுத்துவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு "விசிலு!" என்று கத்துவான்.

வாசல் ரூம் மாமல்லபுரம். நடை திருக்கழுக்குன்றம். அடுப்படி செங்கல்பட்டு. பாத்ரூம் டிப்போ. செங்கல்பட்டில் "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், நாஸ்தா பண்றவங்க பண்ணிக்கலாம்" என்று நான் குரல் கொடுத்தால்தான் இட்லிக்கு வாய் திறப்பான். மீன் கொண்டுவரும் அம்மா ஒருநாள் கூடையோடு நேராக அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். பையன் வண்டியைக் குறுக்கே நிறுத்தச் சொல்லி, கையை நீட்டி டிக்கெட் கேட்டான்.

"இன்னாண்ணா இது பேஜாரு? ரிட்டையர் ஆயும் உனக்கு டூட்டி முடியலியா?" என்றாள் அவள். ஆனால் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலையில் ஒன்றைக் கிள்ளி, டிக்கெட் என்று மரியாதையாக அவன் கையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கட்டுப் பிரித்த நாளில் பையனின் கால் முருங்கைக்காய் மாதிரி வெளுத்து மெலிந்திருந்தது. "கொஞ்ச நாள் ஊன்றப் பயப்படுவான். தானா நடந்துடுவான். ரெண்டு வாரம் கழிச்சுக் காட்டுங்க" என்றார் டாக்டர். மறுநாளே பையன் என் வீட்டில் மணையிலிருந்து தானாக இறங்கினான். சுவரைப் பிடித்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வழக்கம்போல ரெண்டு விசில் கொடுத்தேன். வண்டி காலால் கிளம்பியது. அந்த வாரம் முடிவதற்குள் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுவரை சுவரைத் தொடாமல் போய்த் திரும்பினான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் பெற்றவர்கள் வந்ததும் சொன்னேன். அவர்கள் ஓடிப்போய்ப் பிள்ளையை நிற்க வைத்தார்கள். அவன் அப்படியே உட்கார்ந்துகொண்டான். டிப்போவில் விட்ட வண்டி.

தினமும் இதே கதை. பகலெல்லாம் என்னிடம் நடப்பான், இருட்டினால் அசைய மாட்டான். அந்தப் பெண்ணுக்கு ஆபீஸ் விட்டு வந்தால் தலைவலி. அதனால் வேன் சத்தம் கேட்டதுமே விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வது என் வழக்கம். அதுதான் காரணம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைக்காது. எனக்கு விசில் ஊதுவது மூச்சு விடுகிற மாதிரி, ஊதினேன் என்பதே தெரியாது. என் மனைவியும் மாடிக்குப் போய், "காலைல என் கண்ணால பாத்தேன்மா, நடக்கறான்" என்று சாட்சி சொன்னாள். என்னோடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணியவள், அவள் காதிலும் விசில் விழுவதில்லை. கிழவனும் கிழவியும் சேர்ந்து ஆறுதலுக்குப் பொய் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

"டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிப் பாக்கறமுங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண். "அப்பவும் நடக்கலீன்னா, நான் வேலைய விட்டுட்டு இவன ஊருக்கே கூட்டிட்டுப் போயிர்றேன். அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்குதுங்க, எங்க ஆளுக இருக்கறாங்க."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் எனக்கு ஓடுகிற வண்டியிலிருந்து யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலை போட்டு அனுப்பினபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அந்தப் பையனை விட்டுவிட்டு அந்த வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அதை யாரிடமும் சொல்லவில்லை. "நானும் ஆஸ்பத்திரிக்கு வரேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

புறப்படும்போது என் மனைவி என் கழுத்தைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்கு விசிலு இன்னாத்துக்கு? கழட்டு" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

கார் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எப்போதுமே அப்படித்தான். கிருத்திகைக் கூட்டம் ஒன்றில், வண்டியை அங்கே நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்க இறங்கினேன். கூட்டத்தில் எவனோ ஒரு குறும்புக்காரன் வாயிலேயே ரெண்டு விசில் அடித்துவிட்டான். டிரைவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையில் டீ கிளாஸ், தோளில் பை, கழுத்தில் விசில், வண்டியை மட்டும் காணோம். ஷேர் ஆட்டோவைப் பிடித்துத் துரத்தினேன். பின்னால் ஒருவன் ஆட்டோவிலிருந்து விசில் ஊதிக்கொண்டே வந்தால் எந்த டிரைவருக்குத் தெரியும்? செங்கல்பட்டு போய்த்தான் பிடித்தேன். டிப்போவில் நான் ரிட்டையர் ஆகிறவரைக்கும் "கண்டக்டர் ஏறிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியே எடுத்தார்கள்.

டாக்டர் ரூமில் பையனை நடுவில் நிறுத்தினார்கள். நின்றான். நன்றாகத்தான் நின்றான். "வா சாமி, அம்மாகிட்ட வா" என்று கையை நீட்டினாள் தாய். நின்றான். அப்பா தன் போனையே காட்டினார், அதுவும் பாட்டுப் பாடும் போன். நின்றான். "ரைட், ரைட்" என்று நான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகக் கண்டக்டரைப் பார்ப்பார்களே, 'இன்னும் என்னய்யா பண்றே?' என்று, அந்தப் பார்வை. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. கழுத்தில் ஒன்றும் இல்லை.

வாயால் அடிக்கலாம் என்றால் எனக்கு மேல்பல் செட்டு. முயற்சி பண்ணினேன். காற்றுதான் வந்தது, கூடவே செட்டும் வந்தது. டாக்டர் அதைப் பார்க்காத மாதிரி எக்ஸ்ரேயை லைட்டில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்பு நல்லா சேர்ந்திருக்கு. ஏன் நடக்கலைன்னு தெரியலை. எதுக்கும் நரம்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட..." என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் உடைந்து அழ ஆரம்பித்தாள். அவள் புருஷன் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தது. வாசல் செக்யூரிட்டி அதன் பின்னால் நின்றுகொண்டு பீப் பீப் பீப் என்று விசில் ஊதினார்.

பையன் பின்னால் நடந்தான்.

திரும்பிப் பார்க்காமல், நேர்க்கோட்டில், ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலாக, டாக்டர் மேஜையைச் சுற்றி அழகாக ஒடித்து, எடைபார்க்கும் மிஷினுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே புகுந்து பின்னால் போனான். வெளியே ஒரு நீள விசில். நின்றான். பின்சுவருக்கும் அவனுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தான்.

டாக்டர் கையிலிருந்து எக்ஸ்ரே நழுவியது.

"இது... இந்தப் பிள்ளை எப்பவும் ரிவர்ஸ்லதான் போகுமா?" என்றார்.

"இல்ல சார். ரெண்டு விசில் குடுத்தா முன்னாடி போவும்" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் எழுந்து ஜன்னலைத் திறந்து, "ஏம்ப்பா, ரெண்டு தடவை ஊது" என்றார்.

"வண்டியே இல்லியே சார், இன்னாத்துக்கு ஊதணும்?" என்றார் செக்யூரிட்டி.

"ஊதுய்யா!"

ஊதினார். பையன் கிளம்பினான். திறந்திருந்த கதவு வழியாக வெளியே போய், வராந்தாவில் கைக்கட்டும் கால்கட்டுமாக உட்கார்ந்திருந்த நோயாளிகள் வரிசையைத் தாண்டி, மருந்துக் கவுன்ட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் ஆட டாக்டர். "நில்லு சாமி! நில்லு!" என்றால் நிற்பானா? அந்த வார்த்தைக்கு எந்த வண்டி நின்றிருக்கிறது? நான் ஜன்னலுக்கு ஓடி, "ஒண்ணு குடு! நைனா, ஒரே ஒண்ணு குடு!" என்று கத்தினேன். செக்யூரிட்டி இப்போது வேண்டுமென்றே யோசித்தார். ஊதினார். வராந்தாக் கோடியில் ஆம்புலன்ஸ் வாசலுக்கு முன்னால் பையன் கச்சிதமாக நின்றான். கால்கட்டுக்காரர் ஒருவர் கை தட்டினார்.

ரூமுக்குத் திரும்பியதும் டாக்டர் தண்ணீர் குடித்தார். "வீட்டில் விசில் ஊதறது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் கண்டக்டர் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"காலில் ஒரு குறையும் இல்லை. ஆனா விசிலை நிறுத்துங்க. இல்லைன்னா நாளைக்கு இவன் தாலி கட்டறதுக்கும் நீங்கதான் ரெண்டு விசில் குடுக்கணும்."

திரும்பும் வழியில் புருஷன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பை அடக்கியது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும்தான் அவள் வாயைத் திறந்தாள். "நான் ஒரு வாரம் லீவு போட்டிருக்கறனுங்க அங்கிள். அதுக்குள்ள இவன் விசில் இல்லாம நடக்கோணும். இல்லீன்னா ஊருக்குத்தான். இவன் பள்ளிக்கூடம் போனா நீங்க கூடவே போவீங்களா?"

போவேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள்.

என் மனைவி விசிலை அடுப்படியில் தனியா டப்பாவுக்குள், கொத்தமல்லி விதைக்கு அடியில் புதைத்து வைத்தாள். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உனக்குன்னே சொல்லி வெச்சிருக்காங்க" என்று காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் சொன்னாள்.

அம்மா வீட்டில் இருந்தும் பையன் கீழேதான் வருவேன் என்று அடம்பிடித்து மணையில் உட்கார்ந்துகொண்டான். நான் நாற்காலியில். எதிரெதிரே, பழையபடி. எனக்கும் விசில் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வரவில்லை, யாருக்குப் புரியும் இது? ஒருநாள் அடுப்படியில் குக்கர் ஒரு விசில் விட்டது. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரெண்டாவது விசில் வந்தது. எழுந்து நடந்தான்! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நடையைத் தாண்டும்போது மூன்றாவது விசில் வந்து தொலைத்தது. அப்படியே ஒரு காலைத் தூக்கின நிலையில் நின்றுவிட்டான். அந்தச் சமயம் பார்த்துத்தானா அவன் அம்மா மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும்? பருப்பு வேகும்வரை அவள் மகன் தவணை முறையில் நடப்பதைக் கைகட்டி நின்று பார்த்தாள். அன்றோடு எங்கள் வீட்டில் குக்கரும் தடை. என் மனைவி சோற்றை வடித்தாள். கஞ்சியோடு என்னையும் சேர்த்து வடித்தாள்.

லீவின் கடைசி நாள். சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். நம்பிக்கையோடு போகவில்லை. அந்தப் பெண் மேலே பாதிப் பெட்டி அடுக்கி வைத்திருந்தாள், நானே பார்த்தேன். கிளம்பும்போது தனியா டப்பாவில் கையை விட்டு விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. கடைசியாக ஒரே ஒரு டிரிப் அடித்துவிடலாம் என்று இருந்திருக்கலாம்.

படகுகளை மணலில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பையனை மணலில் உட்கார வைத்தோம். உட்கார்ந்தான். நாங்கள் நாலு பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து அவன் காலையே பார்த்தோம். காலுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அப்போது ஒரு செம்பட்டை நாய், வலையிலிருந்து தன் தலையைவிடப் பெரிய மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு எங்கள் முன்னால் ஓடியது. மீனுக்குப் பாதி உயிர் இருந்தது. வாலால் நாயின் கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்துகொண்டே போனது. பையன் அதைப் பார்த்தான். சிரித்தான். எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. நாய்க்குப் பின்னால் நடந்தான். நடை ஓட்டமாயிற்று.

நாங்கள் யாரும் அசையவில்லை. அந்தப் பெண் என் மனைவியின் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். நாய் கடலோரமாகத் திரும்பியது. பையனும் திரும்பினான். அலை ஒன்று பெரிதாக வருவதைப் பார்த்தேன். விசிலை உருவி வாயில் வைத்து ஊதினேன், ஒன்றே ஒன்று, நீளமாக.

வலை பிரிக்கிறவர்கள் நிமிர்ந்தார்கள். சவாரிக் குதிரை நின்றது. தூரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அப்படியே நின்றது. நாய்கூட ஒரு நொடி நின்றது. பையன் மட்டும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்து, கையை ஆட்டிவிட்டு, போய்க்கொண்டே இருந்தான்.

அவன் அப்பா பாய்ந்து போய் அலை தொடுமுன் தூக்கினார். தூக்கின கையிலும் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலைல எப்பவும்போலக் கொண்டாந்து விட்டர்றனுங்க அங்கிள்" என்றாள். பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் மணலில் விசிலும் வாயுமாக நின்றிருந்தேன். வாயெல்லாம் தனியா வாசனை. என் மனைவி பக்கத்தில் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா, வண்டி உன்ன வுட்டுட்டுப் போயிடுச்சா?"

"ஆமா" என்றேன். அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஆட்டோ பிடித்துத் துரத்தினேன். இந்தத் தடவை துரத்தவில்லை. நாளைக் காலையில் அந்த வண்டி என் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.